எதிர்ப்படும் படகு

அரக்கோணத்தில் வாசம் செய்யும் நாம் படகுகளின் மரியாதையைப் பற்றி எழுதத் துணிந்தால் நேயர்கள் நகைக்கக்கூடும். நம் ஊரில் ஏரி உண்டு, மழை பெய்த வருஷங்களில் அதில் ஜலமும் உண்டு, படகுதான் இல்லை. ஆயினும், எதிரெதிராக வருகிறவர்கள் முட்டிக்கொள்ளாமல் கடந்து போவது எப்படி என்னும் வித்தையை நம் ஊரார் குழந்தைப் பருவம் முதல் பார்த்து வருகிறார்கள். சென்னை, காட்பாடி, ரேணிகுண்டா, செங்கற்பட்டு என்று நான்கு திக்குகளிலிருந்தும் இருப்புப்பாதைகள் வந்து கூடுகிற சந்தி அல்லவா இது! 1856-ஆம் வருஷத்தில் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ரயில் ஓடத் தொடங்கிய பாதையும் நம் ஊர் வழியாகவே செல்கிறது.

ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி நடுவழி ஸ்டேஷனில் நின்றுவிட்டால், “கிராஸிங்” என்று பெருமூச்சு விட்டுக்கொண்டு விசிறியைத் தேடுவது நம்மவர் வழக்கம். எதிர்வண்டி வந்து சேரும் வரையில் நம் வண்டி பக்கத்துப் பாதையில் ஒதுங்கி நிற்கும். முன்னாளில், டோக்கன் என்னும் இரும்புக் குண்டைக் கையில் வாங்காத டிரைவர் அப்பாதையில் வண்டியை நகர்த்தலாகாது என்பது பல இடங்களில் விதியாக இருந்தது. யார் நிற்பது, யார் போவது என்பதை இருவருக்கும் பொதுவான மூன்றாமவர் ஒருவர் தீர்மானித்துவிடுவார். ஆகையால் ரயிலில் மரியாதைக்கு அவசியமே இல்லை. விதி ஒன்றே போதும்.

கால்வாயின் சங்கதி வேறு. அங்கே கைகாட்டி மரம் கிடையாது. ஸ்டேஷன் மாஸ்டர் கிடையாது. எதிர்ப்படும் இரண்டு படகோட்டிகளே வாதியும் பிரதிவாதியும் நீதிபதியுமாக இருந்து வழக்கைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். எனவே அவர்களிடையே சில வழக்கங்கள் உலகெங்கும் வேரூன்றியிருக்கின்றன. நம் தேசத்துச் சாலைகளில் நாம் இடப்பக்கம் ஒதுங்குகிறோம். நீரிலோ, எதிர்ப்படும் படகுகள் இரண்டும் தத்தம் வலப்பக்கமாக ஒதுங்க வேண்டும். வளைவில் எதிரே வருவது தெரியாதாகையால், நெருங்கும்போதே ஊதல் கொடுக்க வேண்டும். நீரோட்டத்தோடு வருகிற படகை நினைத்த இடத்தில் நிறுத்துவது கடினம். ஆதலால் ஓட்டத்தை எதிர்த்து வருகிற படகு குறுகலான இடத்துக்கு முன்பே நின்று அதற்கு வழி விடுவது பல தேசங்களில் வழக்கம்.

கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்த காலத்தில் இன்னொரு சங்கடமும் இருந்தது. இரண்டு படகுகளையும் ஒரே கரையிலிருந்து இழுத்தால் கயிறுகள் சிக்கிக்கொள்ளுமே! இங்கிலாந்துக் கால்வாய்களில் இதற்குச் செய்த உபாயம் வெகு அழகானது. ஒரு படகின் குதிரை நின்றுவிடும். கயிறு தளர்ந்து நீரில் அமிழும். மற்றப் படகு அதன் மேலாகவே மிதந்து சென்றுவிடும். ஒருவர் கயிற்றைச் சற்றே தளர விட்டால் இருவருக்கும் வழி பிறந்துவிடுகிறது. இருவரும் இறுக்கிப் பிடித்தால் இருவரும் நிற்க வேண்டியதுதான்.

நம் நாட்டில் குதிரையின் ஸ்தானத்தில் மனிதர்கள் இருந்தார்கள். பக்கிங்ஹாம் கால்வாயில் விறகும் உப்பும் ஏற்றிய படகுகளைக் கரையோரமாக நடந்து கயிற்றால் இழுத்தவர்கள் நம் ஏழைச் சகோதரர்களே. 1806-இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை கோக்ரேன் என்னும் வெள்ளைக்கார வியாபாரியின் முயற்சியால் ஏற்பட்ட கால்வாய் அது. பின்னர் ஆந்திர தேசத்துப் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரையில் சுமார் 420 கிலோமீட்டர் நீண்டது. 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த கொடும் பஞ்சத்தின்போது, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதியைப் பசியால் வாடிய ஜனங்கள் கூலிக்கு வெட்டினார்கள். மண் சுமந்தவர்களின் பெயர் ஒன்றும் நமக்குத் தெரியாது. கால்வாய்க்கு நிலைத்த பெயரோ அப்போது கவர்னராயிருந்த பக்கிங்ஹாம் பிரபுவினுடையது!

பிறகு நம் ரயிலும் மோட்டார் லாரியும் கால்வாயின் பிழைப்பைப் பறித்தன. புயல்களும் தம் பங்குக்குச் சிதைத்தன. சென்னையில் இன்று அதன் மீது சாக்கடை ஓடுகிறது. அதன் படுகையிலேயே கால் ஊன்றிக்கொண்டு, 1995-இல் தொடங்கிய பறக்கும் ரயில் செல்கிறது. வழி விடும் மரியாதையை மறந்தவர்கள் படகோட்டிகள் அல்லர் என்பது விளங்குகிறதல்லவா?

இவ்வளவு ஞானமும் நமக்கு உதித்தது சென்ற கோடை விடுமுறையில்தான். குடும்ப சகிதமாக ஆலப்புழைக்குச் சென்று, மெத்தை நாற்காலிகளும் சமையலறையும் கொண்ட ஒரு பெரிய மோட்டார்ப் படகில் ஏறினோம். காயலைத் தாண்டிக் குறுகிய கால்வாய் ஒன்றில் நுழைந்தபோதும் படகின் வேகம் குறையவில்லை. எதிரே சிறு வள்ளம் ஒன்றில் முதியவர் ஒருவர் புல்லுக்கட்டு ஏற்றிக்கொண்டு வந்தார். நம் படகைக் கண்டதும் அவர் துடுப்பை அழுத்தி, வள்ளத்தின் முனையை நம் அலைக்கு நேராகத் திருப்பினார். அலை பக்கவாட்டில் மோதினால் வள்ளம் கவிழ்ந்துவிடும் என்பது பிறகு தெரிந்தது. கவிழவில்லை, ஆனால் பாதிப் புல் நனைந்துவிட்டது. கரைப் படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் கிண்ணம் ஒன்று மிதந்து போயிற்று.

அச்சமயம் நம் மடியிலிருந்த காப்பி டம்ளரில் ஒரு துளிகூடச் சிந்தவில்லை. அதுதான் நம்மை வெட்கத்தில் ஆழ்த்தியது. அலையை எழுப்பினவர்கள் நாம். ஆனால் அலை எழுந்ததே நமக்குத் தெரியாது. நம் சகதர்மிணிதான் முதலில் எழுந்து, “அப்பா, கொஞ்சம் மெதுவாகப் போகக்கூடாதா?” என்று படகோட்டும் இளைஞனிடம் கேட்டாள். “நேரமாகிறதென்று எல்லாரும் அவசரப்படுத்துகிறார்கள், அம்மா. மெதுவாகப் போகச் சொன்னவர்கள் நீங்கள்தான்” என்று சொல்லி அவன் வேகத்தைக் குறைத்தான். உண்மையில் பழி அவனுடையதன்று. நாற்காலியில் சாய்ந்திருந்த நம்முடையதே.

இங்கிலாந்துக் கால்வாய்களில் மணிக்கு 4 மைலுக்கு மேல் போகலாகாது என்று விதி உண்டு. கரையில் கட்டிய படகைக் கடக்கும்போது இன்னும் மெதுவாகப் போவது மரியாதை. அலை கரையை அரிக்கும், கட்டின கயிற்றை அறுக்கும் என்பதே காரணம். விதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பெரிய படகு சிறிய படகுக்காகத் தன் வேகத்தை அடக்குவதே நீரின் தர்மம். சிறியது ஒதுங்கித்தான் தீரவேண்டும், அதற்கு வேறு கதியில்லை. பெரியது ஒதுங்கினாலோ அதற்குப் பெயர் பண்பு.

ஊர் திரும்பி அரக்கோணம் ஸ்டேஷனில் இறங்கினோம். மேம்பாலப் படியில் ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் மோதிக்கொண்டிருந்தார்கள். கையில் பெட்டியோடு நாமும் முன்னே பாயத்தான் போனோம். தலையில் கீரைக்கூடையோடு ஒரு கிழவி எதிரே இறங்கி வந்தாள். நாம் நின்று, கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். அவள் கடந்து போகும்போது, “நல்லாயிருப்பே, சாமி” என்றாள். நம் கயிறு தளர்ந்தது ஒரு கணந்தான். நேயர்களே, அதனால் நமக்கு ஒரு நிமிஷங்கூடத் தாமதமாகவில்லை.