இரவல் வாளும் தூய சொல்லும்

அயற்சொல் மலிந்தால் மொழி நலியும் என்று கண்ட துருக்கி, 1932-இல் மொழிக் கழகம் நிறுவி, அரபுச் சொற்களையும் பாரசீகச் சொற்களையும் களையத் தொடங்கிற்று. பாராட்டத் தக்க பணியே அது. ஆனால், நான்கே ஆண்டு கழித்து, 1936-இல், அதே அரசு தன் குற்றச் சட்டத்தின் 141, 142 ஆம் பிரிவுகளை முசோலினியின் இத்தாலியச் சட்டத்தைப் பார்த்து மாற்றியமைத்தது. வகுப்புப் போரைப் பேசுதலும் அதற்கெனக் கூடுதலும் குற்றமாயின. சொல்லில் அயன்மை ஆகாதாம். விலங்கில் மட்டும் ஆகுமாம்!

பொதுவுடைமை அயற்சரக்கு என்பதே அவ்வரசு சொல்லிய ஏது. அது மெய்யாயின், 1920-இல் முசுத்தபா கெமாலே தமக்கு அடங்கிய பொதுவுடைமைக் கட்சியொன்றை அமைப்பித்தது ஏன்? அடுத்த ஆண்டு சனவரியில், மெய்யான கட்சியின் தலைவர் முசுத்தபா சுப்பியும் தோழர் பதினால்வரும் கருங்கடலில் கொல்லப்பட்டனர். ஆக, வெறுக்கப்பட்டது கொள்கையன்று, அடங்காமையே.

துருக்கிப் பாவிற்குக் கட்டற்ற நடை தந்தவர் நாசிம் இக்குமத்து. படைமாணவர் அவர் நூல்களைப் படித்தனர் என்பதைச் சான்றாக்கி, 1938-இல் அவருக்கு 28 ஆண்டுச் சிறை விதித்தனர். 1950-இல் விடுதலையானார், 1951-இல் குடியுரிமை இழந்தார், 1963-இல் மாசுகோவில் மறைந்தார். குடியுரிமையைத் திருப்பித் தர அரசுக்கு 2009 வரை ஆயிற்று!

படைக்கருவி ஏந்தியோரையே ஒறுத்தோம் என்பர் சிலர். 1965-இல் தேர்தலில் நின்று 15 இடங்களை வென்ற உழைப்பாளர் கட்சி ஏந்திய கருவி யாது? வாக்குச் சீட்டன்றோ? அதனையும் 1971-இல் மூடினர். மறு ஆண்டு தெனிசு கெசுமிசு முதலிய இளைஞர் மூவரைத் தூக்கிலிட்டனர். கொலைக் குற்றத்திற்காக அன்று, அரசமைப்பைக் கவிழ்க்க முயன்றனர் என்பதற்காக.

1980-இல் ஆட்சியைப் பறித்த படைத்தலைவர்கள் பல இலக்கம் மக்களைச் சிறைப்பிடித்தனர். தனித்தியங்கிய மொழிக் கழகத்தையும் 1983-இல் அரசின் கீழ்க் கொணர்ந்தனர். புதுச்சொல் வழங்குவோன் இடஞ்சாரி என்னும் ஐயம் அதற்கு முன்பே வேரூன்றியிருந்தது. 1985-இல் அரசு வானொலியும் தொலைக்காட்சியும் 205 சொற்களை விலக்கின. கருத்தை ஒடுக்கப் பிடித்த வாள், இறுதியில் தூய சொல்லையே வெட்டிற்று!

141, 142 ஆம் பிரிவுகள் 1991-இல் நீங்கின. நீக்கியதோ, அச்சுறுத்தல் ஒடுக்கும் புதுச் சட்டம். உறை மாறிற்று, வாள் மாறவில்லை. சொல்வோன் வாயைக் கட்டிவிட்டுச் சொல்லைத் தூய்மை செய்வதால் எம்மொழியும் வாழாது. அச்சமற்ற நாவே மொழிக்கு அரண்.