இரண்டு மலையும் ஒரு ஞாயிறும்

தொடக்கப் பள்ளிச் சிறுவன் ஒருவனிடம் தாளும் வண்ணக்கோலும் கொடுத்து, விரும்பியதை வரையுமாறு கூறினால், அவன் பெரும்பாலும் வரைவது ஒரே காட்சிதான். கூம்பிய மலைகள் இரண்டு. அவற்றின் நடுவே ஞாயிறு. கீழே ஓர் ஆறு. கரையில் ஒரு குடிசையும் தென்னையும். வானத்தில் நான்கு பறவைகள். காஞ்சிபுரம் மாவட்டத்து வாலாஜாபாத்திலும் பிள்ளைகள் இதனையே வரைகின்றனர். அவ்வூரிலோ அத்தகைய மலைகள் இல்லை. பாலாற்றை அடுத்த சமவெளி அது. அருகே பழைய சீவரத்தில் ஒரு குன்று உண்டு. அங்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகின்றன. எதிர்க்கரையில் திருமுக்கூடல் விளங்குகின்றது. ஒரகடம் செல்லும் நெடுஞ்சாலையிலோ தொழிற்சாலைகளும், புதிய கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட வண்டிகளும் காணப்படும். மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் வளரும் குழந்தை, எவரோ வரைந்து வைத்த ஓர் ஆற்றை வரைகின்றது. கண் காண்பது ஒன்று. கை வரைவது மற்றொன்று.

இது குழந்தையின் குற்றமன்று. மூன்று அல்லது நான்கு வயதுக் குழந்தை, தானே ஒரு வட்டம் போட்டு, அவ்வட்டத்திலிருந்தே இரண்டு கால்களை நீட்டி, "இது அம்மா" என்று கூறும். உடல் எங்கே என்று பெரியவர்கள் நகைப்பர். ஆயினும், அம்மாவிடம் குழந்தை கண்ட முகமும், தன்னை நோக்கி நடந்து வந்த கால்களும் அதில் உள்ளன. அதனை அழித்துவிட்டுக் கரும்பலகையிலுள்ள படத்தைப் பார்த்து எழுதச் செய்யும் நாளில், குழந்தை தன் கண்ணை நம்புவதை விட்டுவிடுகின்றது. கோட்டுக்கு வெளியே வண்ணம் சிதறாமல் நிரப்பும் ஏடுகளும் பெரும்பாலும் இவ்வாறே செய்கின்றன. அவை கைக்குப் பயிற்சியாகலாம், ஓவியமாகா.

இவ்வுண்மையை உலகம் மெல்லவே உணர்ந்தது. 1658இல் கொமேனியசு என்னும் அறிஞர், பொருள்களின் பெயரைப் படத்துடன் கற்பிக்கும் நூல் ஒன்றை வெளியிட்டார். புரோபெல் என்பார் பந்தும் மரக்கட்டையும் கொடுத்துக் குழந்தைகளின் கைக்கு வேலை தந்தார். வியன்னாவில் 1897இல் ஓவிய வகுப்புத் தொடங்கிய பிரான்சு சிசெக்கு, குழந்தை தன்னுள்ளிருந்தே வரையட்டும் என்று விட்டுவிட்டார். உரோம நகரில் 1907இல் மாண்டிசோரி அம்மையார் தம் முதற் பள்ளியைத் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் தனித்து நின்ற பிள்ளைகளே அப்பள்ளியின் மாணவர். அவ்வம்மையார் 1939இல் சென்னை அடையாற்றிற்கு வந்து, ஆசிரியர்க்குப் பயிற்சியும் அளித்தார். தொழிற்சாலைகள் சூழ்ந்த வாலாஜாபாத்திற்கு உரோமின் அக்குடியிருப்பு அத்துணைத் தொலைவன்று.

அவ்வாறாயின் படநூல் எதற்கு? பார்த்து எழுதுவதற்கன்று, பார்ப்பதற்கே. ஆசிரியர் ஒரு பக்கத்தை விரித்து வைத்து, நெடுநேரம் பேசாதிருத்தல் வேண்டும். பூனையின் வால் எங்கே மறைந்தது, மழை எப்பக்கமிருந்து வருகின்றது என்று பிள்ளைகளே கண்டு கூறுவர். பின்னர் நூலை மூடிவிட்டு, தத்தம் வீட்டுப் பூனையை வரையச் சொல்லலாம். மூடுவதே இங்கு முதன்மையானது. குழந்தைகளுக்குரிய படம் என்றால் உருண்டைக் கன்னமும் பெரிய கண்ணும் வேண்டும் என்பதும் ஒரு மயக்கமே. மத்தியப் பிரதேசத்துக் கோண்டு மக்களின் ஓவியங்களைச் சென்னைப் பதிப்பகம் ஒன்று கையால் அச்சிட்டு நூலாக்கியுள்ளது. கரிய தாளில் கோடுகளாலும் புள்ளிகளாலும் ஒளிரும் அம்மரங்களைக் கண்ட குழந்தை, மரத்தை வரைய ஒரு வழி மட்டும் இல்லை என்று அறியும்.

வடமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் இப்பகுதியில் வாழ்கின்றனர். தமிழ் அறியாத குழந்தையும் படத்திலுள்ள யானையைச் சுட்டிக்காட்டும்; அருகிலிருக்கும் குழந்தை "யானை" என்னும்; அது "ஹாத்தி" என்னும். எழுத்தறியுமுன் இருவரும் ஒரே பக்கத்தைப் படித்துவிடுகின்றனர்.

வண்ணம் வாங்கப் பொருள் இல்லை என்பர் சிலர். மஞ்சளில் சிறிது சுண்ணாம்பைக் கலந்தால் சிவப்பு வரும். ஆரத்தித் தட்டில் பிள்ளைகள் கண்டதே அது. அடுப்புக்கரி கருமை தரும். செங்கற்பொடி காவி தரும். அவரையிலைச் சாறு பசுமை தரும். ஏரிக் களிமண்ணுக்கு விலை இல்லை. பனையோலையில் காற்றாடி செய்யத் தெரிந்த பாட்டியார் ஊருக்கு ஒருவரேனும் இருப்பார். வாங்கிய வண்ணப்பெட்டியைவிட, தானே அரைத்தெடுத்த நிறம் குழந்தைக்கு மிகுதியாகக் கற்பிக்கின்றது.

"ஓவியம் சோறு போடுமா?" என்னும் பெற்றோரின் கேள்வி எளிதில் தள்ளத்தக்கதன்று. நிலம் விற்றுத் தொழிற்சாலை வேலையை நம்பி நிற்பவர் அவ்வாறு கேட்பது இயல்பே. காஞ்சிபுரத்து நெசவாளர் பட்டின் கரையில் மயிலையும் அன்னத்தையும் நெய்வதும், இயந்திரத்தின் முன் நிற்பவர் மயிரிழைப் பிழையைக் கண்டுகொள்வதும் கூர்ந்து பார்க்கும் கண்ணாலேயே. எனினும், இவ்விடை அரைகுறை விடையே. வேலைக்கு உதவும் என்பதற்காக மட்டும் குழந்தைக்குப் பார்க்கக் கற்பித்தால், வேலைக்கு உதவாத வானத்தை அது ஏன் பார்க்க வேண்டும்?

தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம், முதல் மூன்று வகுப்புகளுக்குள் பாட்டையும் கதையையும் பொம்மலாட்டத்தையும் கொணர்ந்தது. அவ்வகுப்புகளிலேயே வாரத்திற்கு ஒரு வேளை, கரும்பலகையில் எதுவும் வரையாமல், களிமண்ணையும் தாளையும் பிள்ளைகள் முன் வைத்துவிடலாம். முடித்த படங்களைக் குழந்தையின் கண்மட்டத்திற்குச் சுவரில் தாழ்வாக ஒட்டி, ஒவ்வொன்றின் அடியிலும் அது இன்னதென்று குழந்தை கூறியதை அப்படியே எழுதி வைத்தால் போதும். மதிப்பெண் எழுத அங்கே இடம் வேண்டுவதில்லை.