கொரியாவும் நம் வீட்டுக் கூடமும்
(பத்தாம் வகுப்பு மாணவி)

இன்று பல இல்லங்களில் நாள்தோறும் ஒரு வழக்கு நடைபெறுகிறது. அது சொத்து வழக்கன்று, செல்போன் வழக்கு! "எந்நேரமும் கொரியா, கொரியா! நம் நாட்டில் பாட்டே இல்லையா?" என்று அன்னையர் கேட்கின்றனர். அக்கேள்வியில் கோபமும் உண்டு, கவலையும் உண்டு. அக்கவலை சரியானதுதானா என்று மாணவியராகிய நாம் சற்றே சிந்திப்போம்.

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த 13 வயது மாணவியர் மூவர் வீட்டில் சொல்லாமல் புறப்பட்டனர். 2013இல் அறிமுகமாகி உலகப் புகழ் பெற்ற பி.டி.எஸ். என்னும் கொரிய இசைக்குழுவினர் எழுவரையும் நேரில் காண வேண்டும் என்பது அவர்கள் ஆசை. கையிலிருந்ததோ 14,000 ரூபாய். விசாகப்பட்டினம் சென்று கப்பலேறிக் கொரியாவை அடைவது அவர்கள் திட்டம்! நல்லவேளையாகக் காட்பாடி இரயில் நிலையத்தில் காவல்துறையினர் அவர்களைக் கண்டு காப்பாற்றினர். காட்பாடி நமக்குத் தொலைவன்று. நம் திருவண்ணாமலை வழியே செல்லும் இரயில் பாதையின் ஒரு முனை அது.

"பார்த்தீர்களா, கொரியப் பாட்டு செய்த வேலையை!" என்பர் பெரியோர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. பணம் சேர்ப்பதும் வழி தேடுவதும் ஒரே நாளில் முடியும் காரியமன்று. அந்த ஆசையை அச்சமின்றி வீட்டில் ஒருவரிடம் சொல்லியிருந்தால், "அசடே, பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாமல் கப்பலில் யார் ஏற்றுவார்கள்?" என்ற ஒரு சொல்லிலேயே பயணம் நின்றிருக்கும். ஆபத்து பாட்டில் இல்லை. பேச்சில்லாத மௌனத்தில் இருக்கிறது.

பிற நாட்டுக் கலையை விரும்புவது புதிதுமன்று, குற்றமுமன்று. திரு. ரஜினிகாந்த் நடித்து 1995இல் வெளிவந்த 'முத்து' திரைப்படம் 1998இல் ஜப்பானில் திரையிடப்பட்டுப் பெரும் வெற்றி பெற்றது. அதைக் கேட்டு நம் தந்தையர் பெருமிதம் கொண்டனர். அப்போது, "நம் நாட்டில் பாட்டே இல்லையா?" என்று ஜப்பானிய அன்னையர் கேட்டார்களோ என்னவோ! நம் ஊரின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் வேட்டியும் சேலையும் அணிந்து நடக்கும் வெளிநாட்டவரை நாம் தினமும் காண்கிறோம். அவர்கள் தம் பண்பாட்டை இழந்துவிட்டார்கள் என்று நம்மில் யாரும் சொல்வதில்லையே!

அத்தொடர்களில் நாம் காண்பது என்ன? கொரியரும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கின்றனர். தாயை 'ஒம்மா' என்கின்றனர். மூத்தோரிடம் பேசும்போது மரியாதைச் சொல் தவறுவதில்லை. புத்தாண்டு நாளில் பிள்ளைகள் பெரியோரைத் தரையில் பணிந்து வணங்க, அவர்கள் வாழ்த்திப் பணம் தருகின்றனர். 'சூசொக்' என்னும் அறுவடைத் திருநாளில் ஊர் திரும்பி, அரிசிமாவுப் பலகாரம் செய்து, முன்னோரை நினைக்கின்றனர். இவற்றைப் பார்க்கும்போது நம் பொங்கலும், காணும் பொங்கலன்று பாட்டியிடம் வாங்கும் ஆசியும் நினைவுக்கு வரவில்லையா?

ஆயினும் கண்டதையெல்லாம் கொள்ளுதல் அறிவன்று. பால்போன்ற நிறமும் கொடிபோன்ற உடலுமே அழகு என்று திரை காட்டுகிறது. அதை நம்பிச் சோற்றைக் குறைப்பதும், முகத்தில் கண்ட பசைகளைப் பூசுவதும் பேதைமை. வெயில் தந்த நம் நிறத்திற்கு ஒரு குறையுமில்லை. அவ்வாறே, அரசுத் தேர்வு எழுதும் ஆண்டில் நள்ளிரவுவரை தொடர் பார்த்தால் மறுநாள் கணக்கு வகுப்பில் கண் செருகத்தான் செய்யும். இதில் அன்னையர் பக்கமே நியாயம்.

இப்போது பெற்றோரிடம் ஒரு விண்ணப்பம். முன்பெல்லாம் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமைப் படத்தை வீடே கூடத்தில் கூடிப் பார்த்தது என்று நீங்களே சொல்கிறீர்கள். இன்றோ ஒரே வீட்டில் நால்வர், நான்கு மூலைகள், நான்கு செல்போன்கள்! அப்பா ஒரு மூலையில் செய்தி பார்க்கிறார், அம்மா மற்றொரு மூலையில் சமையல் பார்க்கிறார். எங்கள் கையிலுள்ளதை மட்டும் பிடுங்கினால் மூலைகள் குறைந்துவிடுமா?

வாரத்தில் ஒரு நாள், ஒரு மணி நேரம், எங்களுடன் அமர்ந்து ஒரு தொடரைப் பாருங்கள். திரையின் கீழ் ஓடும் ஆங்கில எழுத்தைப் பாட்டிக்கு நாங்கள் தமிழில் சொல்கிறோம். எங்கள் ஆங்கிலமும் வளரும். பிடிக்காத இடத்தில் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறோம். மறுவாரம் உங்களுக்குப் பிடித்த பழைய படத்தை நாங்களும் எழுந்து ஓடாமல் பார்க்கிறோம்.

தோழியரே! மனத்தில் எழும் ஆசை எதுவாயினும் முதலில் வீட்டில் சொல்வோம். பெரியோரும் அதைச் சிரிக்காமல் கேட்கட்டும். பேச்சு உள்ள வீட்டில் பிள்ளைகளுக்குப் பயமில்லை, பெற்றோருக்கும் கவலையில்லை.