விசா உங்களுக்கு வந்தாச்சு... வீட்டு நாய்க்கு?

சாலவாக்கம் மாதிரி ஊரில் வளர்ந்து, ஒரகடம், மறைமலை நகர் பக்கம் வேலைக்குச் சேர்ந்து, அங்கிருந்து ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ கிளம்புவது இப்போது பெரிய ஆச்சரியம் இல்லை. ஆனால், நாயை யார் பார்த்துக்கிறது என்ற கேள்வி டிக்கெட் போட்ட பிறகுதான் வருகிறது. "அம்மா பார்த்துப்பாங்க" என்று முடித்துவிடுகிறோம். அந்த அம்மாவை யாரும் கேட்பதில்லை.

கூடவே கூட்டிப்போக முடியுமா? முடியும். பணம் செலவாகும்தான். ஆனால் பெரும்பாலும் காலை வாருவது பணம் இல்லை, தேதி.

ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி முதலில் மைக்ரோசிப். தோலுக்கு அடியில் வைக்கும், அரிசி அளவே உள்ள, 15 இலக்க எண் கொண்ட சின்ன சமாச்சாரம். ரேபிஸ் தடுப்பூசி அதற்குப் பிறகுதான், அல்லது அதே நாளில். சிப் வைக்கும் முன்பு போட்ட ஊசி கணக்கில் வராது. கிராமத்து நாய்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். செப்டம்பர் 28 உலக ரேபிஸ் தினத்தை ஒட்டி நடக்கும் இலவச முகாமுக்கு வருஷா வருஷம் கூட்டிப் போயிருப்பீர்கள். நாய்க்கு அது நிஜமான பாதுகாப்பு. ஆனால் சிப் எண் இல்லாத அந்த அட்டை ஃபிராங்ஃபர்ட் விமான நிலையத்தில் வெறும் காகிதம்.

ஊசி போட்டு 30 நாளாவது கழித்து ரத்தம் எடுத்து, அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பு சக்தி 0.5 ஐ.யூ. அளவுக்குக் குறையக் கூடாது. ரத்தம் எடுத்த நாளிலிருந்து மேலும் 3 மாதம் காத்திருப்பு. ஜனவரி 5-ல் ஊசி என்றால், ரத்தம் பிப்ரவரி 4-ல், பயணம் மே 4-க்கு முன்னால் கிடையாது. ரொம்பக் கெடுபிடியாகத் தெரிகிறதா? உலகில் ரேபிஸால் நடக்கும் மரணங்களில் சுமார் 36 சதவீதம் இந்தியாவில் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

"நான் முதல்ல போறேன், நாய் அப்புறம் வரட்டும்" என்பதும் அவ்வளவு சுலபமில்லை. உங்கள் பயணத்துக்கும் நாயின் பயணத்துக்கும் இடையில் 5 நாளுக்கு மேல் போனால், வளர்ப்புப் பிராணி என்ற சலுகை போய், வணிக இறக்குமதி விதிகள் வந்துவிடும்.

அமெரிக்கா 2024 ஆகஸ்ட் 1 முதல் இன்னும் இறுக்கிவிட்டது. இந்தியாவில் ஊசி போட்ட நாய்க்கு ஆறு மாத வயதும் சிப்பும் கட்டாயம். ரத்தப் பரிசோதனை முடிவு இல்லையென்றால் 28 நாள் தனிமை. குறிப்பிட்ட சில விமான நிலையங்களில் மட்டும்தான் இறங்க முடியும். பூனைக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆஸ்திரேலியாவுக்கு இங்கிருந்து நேராகக் கொண்டுபோகவே முடியாது. அங்கீகரித்த வேறொரு நாட்டு வழியாகத்தான். எங்கே போனாலும், கிளம்பும் முன் பள்ளிக்கரணையில் உள்ள மத்திய அரசின் கால்நடை தனிமைப்படுத்தல் நிலையத்தில் சான்றிதழ் வாங்கியாக வேண்டும்.

என் கருத்து: வெளிநாடு பற்றி யோசனை மட்டும்தான் இருக்கிறது என்றாலும், சிப், ஊசி, ரத்தப் பரிசோதனை மூன்றையும் இப்போதே முடித்துவிடுங்கள். அடுத்தடுத்த ஊசிகளைத் தேதி தவறாமல் போட்டுவந்தால், ஐரோப்பாவுக்கு அந்த ஒரு பரிசோதனையே போதும். அரசுக்கும் ஒரு கேள்வி: கிராமத்து முகாம்களில் ஊசியோடு சிப்பும் சேர்த்து வைத்தால் என்ன? நாய்க்கடி வழக்கு வந்தால்கூட உரிமையாளர் யார் என்று தெரியுமே.

பன்னிரண்டு வயது நாய், மூச்சு வாங்கும் பக் இனம் என்றால் விமானத்தில் ஏற்றாமல் இருப்பதே நல்லது. அப்போது அம்மாவிடம் முறையாகக் கேளுங்கள். மாதாமாதம் தீவனத்துக்குப் பணம், ஊசி தேதி எழுதிய அட்டை, ராத்திரியில் உடம்பு முடியாமல் போனால் ஆட்டோ பிடித்து டாக்டரிடம் தூக்கிப்போக ஒரு பக்கத்து வீட்டுத் தம்பியின் நம்பர். இதெல்லாம் நீங்கள் விமானம் ஏறும் முன்பே தயாராக இருக்கட்டும்.