கரணைக்கும் சான்று வேண்டும்

மதிப்பிற்குரிய வேளாண்மைத் துறைச் செயலர் அவர்களுக்கு,

சேலம் மாவட்டத்துக்கு வரும்போது ஆத்தூர் பக்கம் ஏதாவது ஒரு மரவள்ளி வயலில் இறங்கிப் பாருங்கள். நட்டு இரண்டு மாதத்துக்குள் இருக்கிற வயலாக இருக்கட்டும். அதற்கு மேல் போனால் அடி இலைகள் உதிரத் தொடங்கிவிடும். அடி இலையிலேயே மஞ்சளும் பச்சையும் திட்டுத்திட்டாகக் கலந்து, இலை ஒரு பக்கமாகக் கோணிச் சுருங்கியிருந்தால் தேமல் நோய் கரணையோடு, அதாவது நடுகிற தண்டுத் துண்டோடு, வந்திருக்கிறது என்று பொருள். அடி இலைகள் நன்றாக இருந்து, மேலே புதிதாக விட்டவை மட்டும் வெளுத்திருந்தால் வெள்ளை ஈ கொண்டுவந்தது. துறை அலுவலர்கள் எங்களிடம் சொல்வதெல்லாம் மஞ்சள் ஒட்டுப்பொறி வை, மருந்து அடி என்பதுதான். அது இரண்டாவது வகைக்கு. நான் பார்த்த வயல்களில் முதல் வகைதான் அதிகம்.

விதைக்கரணை நோயில்லாதது என்று சோதித்துச் சான்று தரும் ஏற்பாடு ஒன்று எங்களுக்கு வேண்டும். இதைக் கேட்கத்தான் இந்த மடல். புது இரகம் கேட்டு எழுதவில்லை.

எங்கள் பக்கத்து மரவள்ளியில் இந்த நோயை உண்டாக்கும் இரண்டு வைரஸ்கள் இருக்கின்றன: இந்திய மரவள்ளித் தேமல் வைரஸ், இலங்கை மரவள்ளித் தேமல் வைரஸ். இரண்டின் மரபணுத் தொகுதியும் டி.என்.ஏ. வளையங்கள் இரண்டால் ஆனது. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,700 எழுத்துகள். ஒரு நெல் செடியின் மரபணுத் தொகுதி 40 கோடி எழுத்துகளுக்குப் பக்கத்தில் வரும்போது, இது ஒன்றுமே இல்லை. ஆனால் இலங்கை வைரஸின் பிறப்பைப் பாருங்கள். 2002இல் வெளியான ஆய்வின்படி, அது முதலில் ஒற்றை வளையத்தோடு இருந்த வைரஸ். இந்திய வைரஸிடமிருந்து இரண்டாவது வளையத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. ஒரே செடிக்குள் இரண்டும் குடியிருந்தால்தான் அப்படி நடக்கும். இரண்டும் தொற்றிய கரணையை வருடம் தவறாமல் வெட்டி நட்டுக்கொண்டிருக்கிற நாம், அடுத்த கலப்புக்கான இடத்தையும் சேர்த்தே வளர்க்கிறோம்.

அந்த இலங்கை வைரஸ் 2015இல் கம்போடியாவில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு வியட்நாம், 2018இல் தாய்லாந்து. வெள்ளை ஈ கடலைத் தாண்டிப் பறந்திருக்காது. நாட்டுக்குள்ளும் எல்லை தாண்டியும் நோயைப் பரப்பியதில் லாரியில் ஏறிய குச்சிக்கட்டுகளுக்குப் பெரிய பங்கு உண்டு.

நோய் தாங்கும் இரகம் இருக்கும்போது ஏன் இந்தக் கவலை என்று தாங்கள் கேட்கலாம். இருக்கிறது. திருவனந்தபுரத்திலுள்ள மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் ஸ்ரீ ரக்ஷா போன்ற இரகங்களைத் தந்திருக்கிறது. ஆனால் அத்தகைய எதிர்ப்புத் தன்மை எதில் நிற்கிறது என்று அண்மையில் தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. இந்த வைரஸுக்குச் சொந்த ஜெராக்ஸ் இயந்திரம் கிடையாது, தன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கச் செடியின் நொதியைத்தான் இரவல் வாங்குகிறது. மேற்கு ஆப்பிரிக்க நாட்டு இரகங்களில் காணப்பட்ட, சி.எம்.டி.2 என்று பெயரிட்ட எதிர்ப்புத் தன்மை பல ஆண்டுகளாக ஆராய்ச்சியாளர்களை அலைக்கழித்தது. 2022இல்தான் விடை கிடைத்தது: அந்தப் படியெடுக்கும் நொதியின் மரபணுவிலேயே ஏற்பட்ட ஒற்றை எழுத்து மாற்றங்கள். உலகம் முழுக்க வளர்ப்பாளர்கள் நம்பியிருக்கிற பாதுகாப்பு இவ்வளவு சிறியது! அதே சி.எம்.டி.2 இரகங்களைத் திசு வளர்ப்பில் கருவுருக்களாக்கி மீட்டெடுத்தபோது எதிர்ப்புத் தன்மை காணாமல்போனதும் முன்பே தெரிந்த செய்திதான்.

மரபணுக் கத்தரியால் வைரஸையே வெட்டிவிடலாம் என்ற முயற்சியும் நடந்தது. ஆப்பிரிக்க மரவள்ளித் தேமல் வைரஸின் டி.என்.ஏ.வைக் குறிவைத்து கிரிஸ்பர் கருவியைச் செடிக்குள் வைத்தார்கள். 2019இல் வந்த முடிவு: செடிக்குப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை, வெட்டுப்பட்ட வைரஸ்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஏறக்குறைய பாதி வரை, இனி வெட்ட முடியாதபடி ஒரு எழுத்தை மாற்றிக்கொண்டன. கண்ணாடிக் கூடத்துக்குள்ளேயே இப்படி. தோல்வியை மறைக்காமல் வெளியிட்ட அந்த ஆய்வாளர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். நம் ஊரில் தோற்ற சோதனையைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

ஆகவே எந்த நல்ல இரகத்தைத் தந்தாலும், அதைச் சுற்றிலும் வைரஸ் சுமந்த பழைய கரணைகளே நட்டிருந்தால் அதன் ஆயுள் குறையும். வைரஸின் மொத்த அளவைக் குறைக்கும் வழி சுத்தமான கரணைதான்.

இதற்குச் சட்டம் புதிதாக வேண்டியதில்லை. 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தில் உணவுப் பயிர்களின் கிழங்கும், நடவுக்கான வெட்டுத் தண்டும் விதை என்ற வரையறைக்குள்ளேயே வருகின்றன. நெல் விதைப் பையில் சான்று அட்டை தொங்குகிறது. எங்கள் ஊர்க் கரணை வியாபாரியிடம் அப்படியோர் அட்டையை நான் கண்டதில்லை. மர நிழலில் செங்குத்தாக நிறுத்தி வைத்த குச்சிகளில் எது யார் வயலிலிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. பத்து மாதத்துக்குப் பிறகு ஆலையில் கிழங்கின் மாவுச்சத்துக்குப் பாயிண்ட் பார்க்கும்போது எங்களுக்குத் தெரிந்துவிடும்.

சிரமம் எங்கே என்றும் அறிவேன். மூன்றுக்கு மூன்று அடியில் நட்டால் ஏக்கருக்கு ஏறக்குறைய 5,000 கரணை வேண்டும். ஒரு செடியிலிருந்து சுமார் பத்துக் கரணைதான் தேறும். நெல்லைப்போல் ஒரே பட்டத்தில் மாவட்டம் முழுக்கப் பெருக்க முடியாது. அதனால்தான் இரண்டு கணு மட்டுமுள்ள சிறு துண்டுகளை வலைக்கூடத்தில் நாற்றாக வளர்த்து, நோய் கண்டதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, மிஞ்சியதை வயலுக்குக் கொண்டுபோகும் முறையைத் திருவனந்தபுரத்தார் பரிந்துரைக்கிறார்கள். ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் எங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அங்கே வைரஸைக் கண்டறிய ஒரு பி.சி.ஆர். கருவியும் இரண்டு பயிற்சி பெற்ற ஆட்களும், தாய்ச்செடித் தோட்டத்துக்கு ஒரு வலைக்கூடமும் போதும், தொடங்கிவிடலாம். எல்லாக் கரணையையும் சோதிக்க வேண்டாம்; தாய்ச்செடியைச் சோதித்து, பெருக்குகிற வயலை நட்ட ஆறாவது வாரம் ஆய்வு செய்து அட்டை தந்தால் போதும்.

செலவு யாருடையது என்ற கேள்வி வரும். முதல் மூன்று ஆண்டுக்கு அரசு ஏற்கட்டும். பிறகு கிழங்கு வாங்கும் ஆலைகள் ஒரு பங்கைத் தரலாம். மாவு குறைந்த கிழங்கால் நஷ்டப்படுவது அவர்களும்தான். சேலம் ஜவ்வரிசிக்கு 2023இல் புவிசார் குறியீடு வாங்கினோம். அந்தப் பெயர் நிலைக்கக் கிழங்கு வேண்டும். ஜவ்வரிசி ஆலைகளின் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வ் கூட்டத்தில் இதைச் சொன்னால் முணுமுணுப்பு எழும். தாங்கள் நேரில் வந்து பேசினால் அடங்கும் என்றே நினைக்கிறேன். தை, மாசி அறுவடையில் குச்சி அடுக்கும் முன் அந்தக் கூட்டம் நடக்குமாறு ஆவன செய்யக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆத்தூர் வட்டத்து மரவள்ளி விவசாயி ஒருவர்