மனக்கலக்கமும் இரத்த அழுத்தமும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் பகுதிகளிலும், இடுக்கி மலைமேல் மூணாறு, குமுளி வட்டாரத்துத் தேயிலை, ஏலத் தோட்டங்களிலும் தமிழ் மக்கள் பலர் வாழ்கின்றனர். அங்கு இரத்த அழுத்தத்தை அளப்போர் இரண்டு பிழைகளுக்கு இடங்கொடுத்தலாகாது. மேடேறி மூச்சிரைக்க வந்தவரின் கையில் உடனே கருவியின் பட்டையைச் சுற்றி, கண்ட எண்ணை நோயென எழுதிவிடுவது ஒன்று. உயர்ந்த எண்ணைக் கண்டும், "வெறும் கவலைதான்" என்று திருப்பி அனுப்பிவிடுவது மற்றொன்று. பின்னதே பெருங்கேடு விளைப்பது.

இதற்குக் காரணம் இரத்தக் குழாய்களின் இயல்பில் உள்ளது. அச்சமோ சினமோ தோன்றும்போது, சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் அட்ரீனலினை வெளியிடுகின்றன. பரிவு நரம்பு நுனிகள் நார்அட்ரீனலினைச் சுரக்கின்றன. இதயம் விரைகிறது, தோல், குடல் முதலியவற்றின் நுண்தமனிகள் சுருங்குகின்றன. குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டத்திற்குள்ள தடை 16 மடங்காகும். ஆதலின் சிறு சுருக்கமும் அழுத்தத்தைப் பெரிதும் உயர்த்தவல்லது.

நலமுடையாரிடம் இவ்வுயர்வு சிறிது நேரத்தில் தணியும். நெடுநாள் மிகையழுத்தம் உடையாரிடமோ நுண்தமனிகளின் சுவர் தடித்து உள்வழி குறுகியிருக்கும். அதே அளவு ஹார்மோன் அங்கே தடையை மேலும் மிகுதியாகக் கூட்டும். எனவே, கவலையால் ஏறியதென்று தள்ளப்படும் எண், குழாய்கள் பழுதடைந்தமைக்கு அறிகுறியாகவும் இருக்கலாம்.

நரம்புச் சுரப்புக்கும் அழுத்தத்திற்கும் உள்ள தொடர்புக்கு, மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளரும் சர்ப்பகந்தி ஒரு சான்று. பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல் 1949-ல் அதன் பயனைப் பிரிட்டிஷ் இதழொன்றில் வெளியிட்டார். 1952-ல் அதன் வேரினின்று பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்ப்பின், நரம்பு நுனிகளிலுள்ள நார்அட்ரீனலின் இருப்பைக் குறைத்தே அழுத்தத்தைத் தணிக்கிறதெனப் பின்னர் அறியப்பட்டது. இன்று வேறு மருந்துகளே முதலில் அளிக்கப்படுகின்றன. மருத்துவரின்றி அவ்வேரை உண்பது தீங்காகும்.

செய்யத்தக்கது எளிது. அளப்பதற்கு அரைமணி முன்பிருந்து தேநீரும் புகையிலையும் விலக்கப்பட வேண்டும். 5 நிமிடம் அமர்ந்து இளைப்பாறிய பின் இருமுறை அளத்தல் வேண்டும். வேறொரு நாளும் அவ்வாறே அளத்தல் வேண்டும். இரு நாள்களிலும் 140/90-க்குக் குறையாதிருப்பின் மருத்துவரிடம் அனுப்புதல் கடமை. 180/120-ஐ எட்டினாலோ மறுநாளுக்குக் காத்திராது உடனே அனுப்புக. எல்லைக்கு அப்பால் மருத்துவம் பெறுவோர் பலராதலின், எண்களையும் தேதிகளையும் சீட்டில் எழுதிக் கையில் தருதல் நன்று. ஆசிரியர்களும் குழாயின் ஆரக் கணக்கை வகுப்பில் விளக்குவாராயின், "கவலைதான்" என்னும் சொல் வீடுகளில் சோதனைக்குத் தடையாக நில்லாது.