பழைய சர்வரும் பொதுப் பணமும்

சேக்கிழார் பெருமான் பிறந்த குன்றத்தூரில் இன்று இருவகை ஓசைகள் கேட்கின்றன. ஒன்று, தலைமுறை தலைமுறையாக நம் காதில் விழுந்துவரும் தறியின் ஓசை. மற்றொன்று, பொழுது புலருமுன் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஆட்களை ஏற்றிச் செல்லும் கம்பெனிப் பேருந்துகளின் ஓசை. தந்தை தறியில் அமர்ந்திருக்க, மகன் கம்பெனியில் வேலை பார்க்கும் குடும்பங்கள் நம்மிடையே பல உள. தொழில் வேறாயினும், இருவருடைய கணக்கும் இக்காலத்தில் ஒரே விதமான யந்திரத்திலேயே அடங்கிக் கிடக்கிறது. மகனுடைய வருகைப் பதிவும் சம்பளமும் கம்பெனியின் சர்வரில். தந்தையின் கூலியும், சிக்கன நிதியும், பட்டும் சரிகையும் பெற்ற கணக்கும் சங்கத்தின் சர்வரில்.

சர்வர் என்றால், உணவு விடுதியில் இலையின் முன் வந்து நிற்பவரே நம்மில் மூத்தோர்க்கு நினைவுக்கு வருவார். 1964-இல் வெளிவந்த "சர்வர் சுந்தரம்" படத்தை மறந்தவர் யார்? கணிப்பொறி உலகின் சர்வரும் செய்வது அதே வேலைதான். பல மேசைகளில் இருப்போர் கேட்பதைக் களஞ்சியத்திலிருந்து எடுத்து, அவரவர் முன் கொண்டுவந்து வைக்கிறது. ஆனால் அது நின்றுவிட்டால் அலுவலகமே நின்றுவிடும். அதன் களஞ்சியம் அழிந்தாலோ, பேரேடே அழிந்ததாகும்.

இந்தச் சர்வர் பல சங்கங்களிலும், சிறு உதிரிபாகத் தொழிலகங்களிலும் வயது முதிர்ந்து நிற்கிறது. புதியது வாங்க லட்சக் கணக்கில் வேண்டும். கையிருப்போ கூலிக்கும் நூலுக்கும் போதவில்லை. இந்நிலையில் நிர்வாகக் குழுக்களில் இரண்டு அபிப்பிராயங்களே கேட்கின்றன. "ஓடுகிற வரையில் ஓடட்டும்" என்பது ஒன்று. "கடன் வாங்கியாவது புதிதாக வாங்குவோம்" என்பது மற்றொன்று. இரண்டும் தவறு என்பது நமது கருத்து. பழைய யந்திரத்தை வைத்திருப்பது வெட்கத்துக்குரியதன்று. காவலின்றி வைத்திருப்பதே குற்றம். சிறு தொகையைக் கொண்டே பொதுக் கணக்கைக் காக்க முடியும். ஆனால் எதற்கு முதலில் செலவிடுவது என்னும் ஒழுங்கு வேண்டும்.

ஒரகடம் கற்பித்த பாடம்

"ஓடுகிற வரையில் ஓடட்டும்" என்போர் 2017-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். அவ்வாண்டு மே 12-ஆம் நாள் "வான்னாக்ரை" என்னும் தீய நிரல் உலகெங்கும் பரவியது. 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகளில் உள்ள கோப்புகளைப் பூட்டி, மீட்புப் பணம் கேட்டது. நமக்கு அண்மையிலேயே, ஒரகடத்திலுள்ள ரெனோ–நிசான் தொழிற்சாலையும் பாதிக்கப்பட்டதாக அப்போது செய்திகள் வெளிவந்தன. இதில் நாம் கருத வேண்டியது ஒன்று. அந்த நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் கம்பெனி மார்ச் 14-ஆம் நாளே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாதம் கையில் மருந்து இருந்தும், அதை இடாத யந்திரங்களே வீழ்ந்தன. பெரிய கம்பெனிகளுக்கு இக்கதி நேருமாயின், கணக்கர் ஒருவரும் பழைய யந்திரம் ஒன்றுமே உடைய சங்கத்தின் நிலை என்னாகும்?

இன்று பல இடங்களில் ஓடிக்கொண்டிருக்கும் "விண்டோஸ் சர்வர் 2012" என்னும் மென்பொருளுக்கு வழக்கமான திருத்தங்கள் 2023 அக்டோபர் 10-உடன் முடிந்துவிட்டன. மேசைக் கணிப்பொறிகளில் உள்ள "விண்டோஸ் 10"-க்கும் 2025 அக்டோபர் 14-உடன் அவ்வாறே முடிந்தது. இவை மறுநாளே நின்றுவிடுவதில்லை. அதனாலேயே அபாயம் நம் கண்ணுக்குப் படுவதில்லை. கூரை ஒழுகுவது மழை வந்த பிறகுதானே தெரிகிறது!

ஓர் ஏரி, பல மதகுகள்

இனிச் சிக்கனத்தின் வழியைக் காண்போம். இவ்விஷயம் தமக்குப் புரியாது என்று நெசவாளர் எவரும் ஒதுங்க வேண்டுவதில்லை. 1804-இல் பிரான்ஸ் தேசத்துப் பட்டு நகரமாகிய லியோனில் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் துளையிட்ட அட்டைகளைக் கொண்டு தறியில் பூவேலை எடுக்கும் முறையை அமைத்தார். நம் தறிகளின் மீது உள்ள ஜக்கார்டுப் பெட்டி அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. அத்தகைய துளை அட்டைகளைக் கொண்டே 1890-இல் அமெரிக்காவில் குடிக்கணக்கு எண்ணப்பட்டது. கணிப்பொறிகளும் நெடுங்காலம் அட்டைகளாலேயே ஏவப்பட்டன. ஆகவே கணிப்பொறி தறிக்கு அயலானதன்று.

ஒரு தொழிலகத்தில் மூன்று பழைய சர்வர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒன்றில் கணக்கு, ஒன்றில் இருப்புப் பதிவு, ஒன்றில் கடிதக் கோப்புகள். ஒவ்வொன்றும் நாளின் பெரும்பகுதியைச் சும்மா இருந்தே கழிக்கும். எனினும் மின்சாரத்தை உண்ணும். 300 வாட் இழுக்கும் யந்திரம் ஒன்று இரவும் பகலும் ஓடினால் நாளொன்றுக்கு 7.2 யூனிட், ஆண்டுக்கு 2,628 யூனிட். மூன்றுக்கும் 7,884 யூனிட். குளிரூட்டும் செலவு தனி.

இம்மூன்றின் வேலைகளையும் நல்ல நிலையிலுள்ள ஒரே யந்திரத்தில், ஒன்றோடொன்று கலவாமல் ஓடச் செய்யும் முறைக்கு மெய்நிகராக்கம் என்று பெயர். ஓர் ஏரியிலிருந்து மூன்று மதகுகள் வழியே மூன்று வாய்க்கால்களுக்கு நீர் பாய்வதை உழவர் அறிவர். ஒவ்வொரு வாய்க்காலும் தனக்கென ஓர் ஏரி இருப்பது போலவே ஓடுகிறது. மதகைத் திறக்கவும் அடைக்கவும் நீர் மணியம் செய்பவர் ஒருவர் இருக்கிறார். அவ்வாறே யந்திரத்தின் ஆற்றலை அளந்து பங்கிடும் மென்பொருள் ஒன்று அடியில் இருக்கும். அதன்மேல் கணக்கும், இருப்பும், கோப்பும் தத்தம் தனி யந்திரத்தில் ஓடுவதாகவே நடக்கும். இது நேற்றுத் தோன்றிய புதுமையுமன்று. விலை மிகுந்த யந்திரம் ஒன்றைப் பலர் பங்கிட்டுக்கொள்ள வேண்டி, 1960-களிலேயே ஐ.பி.எம். கம்பெனியில் உருவான முறை இது. சிக்கனத்தின் குழந்தை என்றே இதைச் சொல்லலாம்.

ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. முதலாவது, ஏரி ஒன்றானால் கரையும் ஒன்றே. கரை உடைந்தால் மூன்று வாய்க்கால்களும் வறளும். ஆதலால் கழித்த யந்திரங்களில் நல்லதொன்றைத் துணையாக நிறுத்தி, கணக்கின் நகலை அதில் நாள்தோறும் இறக்கி வைக்க வேண்டும். இரண்டாவது, பழைய மென்பொருளை இம்முறைக்குள் வைத்துவிட்டால் அது புதியதாகிவிடாது. திருத்தம் நின்றுபோன மென்பொருளைத் தவிர்க்க முடியாதபோது, அதற்கு இணையத் தொடர்பு இல்லாமல் தனித்து வைத்தல் வேண்டும். மேலும், யந்திரத்தோடு சேர்த்து விற்கப்பட்ட உரிமத்தை வேறு யந்திரத்துக்கு மாற்ற இடமில்லாமல் இருக்கலாம். உரிமப் பத்திரத்தைப் படித்த பின்னரே எதையும் நகர்த்த வேண்டும்.

ஒருவரையே நம்புவதன் விலை

இம்முறைக்கு மிகுதியாகப் பயன்பட்டு வந்தது வி.எம்.வேர் என்னும் கம்பெனியின் மென்பொருள். அக்கம்பெனியை 2023 நவம்பரில் பிராட்காம் கம்பெனி வாங்கியது. அடுத்த மாதமே, ஒருமுறை பணம் கொடுத்து நிரந்தரமாக உரிமம் பெறும் வழக்கம் நிறுத்தப்பட்டது. இனிச் சந்தா செலுத்தியே பயன்படுத்த வேண்டும் என்றாயிற்று. சிறிய ஸ்தாபனங்கள் பலவும் திகைத்து நின்றன. நமக்கு இது புதிய கதையா? ஒரே முதலாளியிடம் பட்டும் கடனும் பெற்று, அவர் வைத்ததே கூலி என்று வாழ்ந்த நெசவாளர், அந்தப் பிடியிலிருந்து விடுபடவே சங்கம் கண்டனர். கருவிக்கும் இதே நியாயம்தான்.

வேறு வழியும் இருக்கிறது. லினக்ஸ் என்னும் பொது மென்பொருளோடு கே.வி.எம். என்னும் மெய்நிகராக்கப் பகுதி 2007-இல் சேர்க்கப்பட்டது. அதை அடிப்படையாகக் கொண்ட பிராக்ஸ்மாக்ஸ் என்னும் மென்பொருள், வியன்னா நகரிலிருந்து 2008-இல் வெளிவந்தது. இதை உரிமக் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்; உதவி வேண்டுவோர் விரும்பினால் சந்தா செலுத்தலாம். பலருடைய உழைப்பால் ஆகி, எல்லோருக்கும் பொதுவாக நிற்கும் இத்தகைய மென்பொருள், கூட்டுறவாளருக்கு மிகவும் நெருங்கியதாகும். ஆனால் இலவசம் என்பதால் உழைப்பு வேண்டாம் என்பதில்லை. இயக்கத் தெரிந்தவர் ஒருவர் வேண்டும். அவரைப் பெறும் வழியைப் பின்னர்க் கூறுவோம்.

செலவின் ஒழுங்கு

நமது யோசனை இதுதான். முதல் ரூபாய் நகலுக்கே செலவாக வேண்டும். கணக்குக்கு மூன்று பிரதிகள். அவை இரு வகைச் சாதனங்களில். அவற்றில் ஒன்று வேறு ஊரில் என்பது வல்லுநர் வகுத்த நெறி. வேறு ஊரில் ஏன் என்று கேட்போர்க்கு 2015-ஆம் ஆண்டு பதில் சொல்லும். அவ்வாண்டு டிசம்பர் 1-ஆம் நாள் இரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டதை நம் பகுதியார் எவரும் மறந்திருக்க முடியாது. தரையில் வைத்த யந்திரமும், அதன் பக்கத்து அலமாரியில் வைத்த நகலும் ஒரே வெள்ளத்தில் போகும். ஒரு வன்தட்டில் உள்ளதையே உடனுக்குடன் மற்றொன்றிலும் எழுதும் ஏற்பாட்டை நகல் என்று கருதுவாரும் உளர். அது வன்தட்டுப் பழுதைத் தாங்கும். தவறுதலாக அழித்ததையோ, தீய நிரல் பூட்டியதையோ மீட்டுத் தராது.

நகல் இருந்தால் மட்டும் போதாது. விதை நெல்லை மூட்டையில் பார்த்துத் திருப்தி கொள்ளும் உழவர் உண்டோ? ஈரத் துணியில் சிறிது முளைக்க வைத்துப் பார்த்த பிறகன்றோ நாற்றங்காலில் விடுகிறார்? அவ்வாறே மூன்று மாதத்துக்கு ஒருமுறை, நகலை வேறொரு யந்திரத்தில் இறக்கி, அங்கத்தினர் சிலருடைய கணக்கைத் திறந்து, பேரேட்டோடு ஒத்துப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது செலவு, தேயும் உறுப்புகளுக்கு. பழைய சர்வரில் முதலில் கெடுவன சுழலும் வன்தட்டும், மின்வழங்கியும், விசிறியுமே. இவற்றை மாற்ற ஆயிரங்கள் போதும். மூன்றாவது, முன் கூறியவாறு பலவற்றை ஒன்றாக்குதல். மின் கட்டணத்தில் மிஞ்சுவதைத் தனி நிதியாக ஒதுக்கிவந்தால், நான்காவதாகிய புதிய யந்திரத்துக்குக் கடன் வேண்டாம்.

தனித்தும் கூடியும்

உழவர்களின் தொடக்க வேளாண்மைக் கடன் சங்கங்களுக்கு, மத்திய சர்க்கார் 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை ஏற்றது. 63,000 சங்கங்களைப் பொது மென்பொருளில் இணைப்பது அதன் நோக்கம். நெசவாளர் சங்கங்கள் அத்திட்டத்தில் அடங்கவில்லை. தம் வழியைத் தாமே காண வேண்டியிருக்கிறது. ஐந்தாறு சங்கங்கள் கூடி, பயிற்சி பெற்ற ஒருவரைப் பொதுவில் அமர்த்தினால் என்ன? தனிச் சங்கத்துக்குத் தாங்காத சம்பளம், ஆறில் ஒன்றாகும்போது தாங்கும். நம் பிள்ளைகளிலேயே இத்தொழில் கற்றோர் இருக்கின்றனர். ஒரு சங்கத்தின் நகலை மற்றொரு சங்கத்தில் பூட்டி வைப்பதாக ஏற்பாடு செய்துகொண்டால், வேறு ஊரில் இடம் தேடும் செலவும் மிச்சம். அந்த நகல் பிறர் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

கூடிச் செய்வதிலும் அபாயம் உண்டு என்பதை மறைக்க மாட்டோம். 2024 ஜூலை இறுதியில், சிறு வங்கிகளுக்குக் கணிப்பொறிச் சேவை வழங்கிவந்த சி-எட்ஜ் என்னும் கம்பெனி தீய நிரலால் தாக்குண்டது. கூட்டுறவு வங்கிகள் உட்பட ஏறத்தாழ 300 வங்கிகளின் பணப் பரிமாற்றச் சேவைகள் பாதிக்கப்பட்டன. எங்கோ இருக்கும் சர்வரை வாடகைக்கு எடுத்தால் கவலை தீரும் என்போரும் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். வாடகைக்கு எடுக்கலாம், கூட்டாகவும் நடத்தலாம். ஆனால் தன் கணக்கின் நகல் ஒன்று ஒவ்வொரு சங்கத்தின் கையிலும் இருந்தே தீர வேண்டும்.

அடுத்த மகாசபையில் அங்கத்தினர் ஒவ்வொருவரும் எழுந்து கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு. நம் கணக்கின் கடைசி நகல் என்று எடுக்கப்பட்டது? அது எங்கே இருக்கிறது? அதைத் திறந்து பார்த்தது எப்போது? நம் சர்வரின் மென்பொருளுக்குத் திருத்தம் இன்னும் வருகிறதா? இவற்றுக்கு விடை கூற நிர்வாகக் குழுவினர் கணிப்பொறி வல்லுநராக இருக்க வேண்டுவதில்லை. ரொக்கப் பெட்டியின் சாவி யாரிடம் என்று கேட்கும் உரிமை அங்கத்தினர்க்கு உண்டெனில், இதைக் கேட்கும் உரிமையும் உண்டு. விடை கிடைக்காத சங்கத்தில், புதிய சர்வர் வாங்கும் தீர்மானத்தை ஒத்திவைத்து, நகல் எடுக்கும் தீர்மானத்தை அன்றே நிறைவேற்றுக என்பதே நமது வேண்டுகோள்.